பொடனி விளக்கு

"நான் எப்படித் தெரிஞ்சேன்?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. சோளக்காட்டுக்கு மேலே ஒற்றையடித் தடத்தில், காலை ஒன்பது மணிக்கு, நீட்டிய கையின் விரல்கள் தெரியாத பனிமூட்டத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்டார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு அது. கொல்லிமலைக்கு அப்போது சாலை கிடையாது. இரும்புக் கல் தேடி ஒரு கம்பெனி மேலே முகாம் போட்டு இரண்டு சோதனைச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தது. அந்த முகாமில் ரைட்டர் வேலைக்குச் சேர, இருபத்திரண்டு வயதில், தகரப் பெட்டியும் மலைக்காய்ச்சலுக்கு ஒரு புட்டி கொயினா மாத்திரையுமாக ஏறிக்கொண்டிருந்தேன். சோளக்காட்டில் வழி கேட்டதற்கு, "ஒரே தடந்தானுங்க, உட்டுராம போங்க" என்றார்கள். போனேன்.

எதிரே ஒரு விளக்கு தெரிந்தது. ஓர் ஆளின் தலை உயரத்தில், வெளுத்த மஞ்சளாக. யாரோ வருகிறார், வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று ஒதுங்கி நின்றேன். விளக்கு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சிறுத்தது. பிறகு இன்னும் சிறுத்தது. அதற்குப் பின்தான், அது வரவில்லை, எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காலடிச் சத்தம் கேட்டு விளக்கு நின்றது. அந்த ஆள் திரும்பினார். திரும்பியதும் விளக்கு மறைந்து, அந்த இடத்தில் ஒரு முகம் வந்தது. நரைத்த மீசை, இடுங்கிய கண், ஐம்பது வயது.

எப்படித் தெரிந்தேன் என்று அந்த முகம் கேட்டது. அழகைப் பற்றிக் கேட்கிறாரோ என்று நினைத்து, "நல்லாத் தெரிஞ்சீங்க" என்றேன். எவ்வளவு தூரத்தில் என்றார். இருபதடி இருக்கும் என்றேன். எவ்வளவு உயரத்தில் என்றார். தலை உயரத்தில் என்றேன். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவர் வருவதாக நினைத்து நான் காத்து நின்றதைச் சொல்லவில்லை. வருகிற ஆளுக்கும் போகிற ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று முதல் நாளே பெயர் வாங்க விருப்பமில்லை. பிற்காலத்தில் பத்திரிகை அலுவலகத்தில், பிறர் எழுதிக் கொடுத்த செய்தியில் விட்டுப்போனது எது என்று தேடுவதே என் தொழிலாயிற்று. அப்போதெல்லாம் நான் விட்ட இந்த ஒரு தகவல் ஞாபகத்துக்கு வரும்.

அவர் சுரங்க மேஸ்திரி. தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் பூமிக்குக் கீழே இருந்தவர். அவர் பெயர் எனக்குத் தெரியும். மலையில் ஒருவரும் அந்தப் பெயரால் அவரை அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. எதிரில் மேஸ்திரி. அந்தப் பக்கம் நகர்ந்தால் பொடனிக் கண்ணர். பிடரியை அங்கே பொடனி என்பார்கள்.

தலையில் இருந்தது தங்கச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த தொப்பி. துணியை அரக்கில் தோய்த்து அடுக்கடுக்காக அழுத்திச் செய்தது. கவிழ்த்த சட்டிபோல் இருக்கும், தட்டினால் மரம்போல் சத்தம் கேட்கும். அதன் முன்பக்கத்தில் ஒரு கொக்கி. கொக்கியில் கைமுட்டி அளவுக்குப் பித்தளை விளக்கு. விளக்கின் கீழறையில் கார்பைடு கல், மேலறையில் தண்ணீர். திருகைத் தளர்த்தினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின்மேல் விழும், கியாஸ் கிளம்பும், ஒரு சின்னத் தட்டின் நடுவிலிருந்து விரற்கடை நீளத்துக்குச் சுடர் நிற்கும். எரியாத கியாஸ் பூண்டு நாற்றம் அடிக்கும். அவர் வருவதை மூக்கால் அறிந்துவிடலாம்.

சுரங்கத்துக்குள் எல்லாரையும்போல் தொப்பியை நேராகத்தான் வைத்திருப்பார். வெளியே வந்ததும், வாசலில் செருப்பை மாட்டுகிறவர்போல யோசனையில்லாமல், தொப்பியை முன்பின்னாகத் திருப்பிக்கொள்வார். விளக்கு பிடரிக்குப் போய்விடும். மூட்டம் இருந்தால் பகலிலும் எரியும்.

இதற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. மூட்டத்தில் நெற்றியில் விளக்கு வைத்தால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பக் கண்ணில்தான் அடிக்கும். சுண்ணாம்படித்த சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருக்கும். நானே ஒருநாள் தொப்பியை வாங்கி நேராகப் போட்டுப் பார்த்தேன், என் காலே எனக்குத் தெரியவில்லை. ஆகவே அவருடைய கண்ணுக்கு விளக்கு உபயோகமில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு உபயோகம். சோளக்காட்டிலிருந்து முகாமுக்குச் சட்டமரமும் கார்பைடு டப்பாவும் அரிசியும் சுமந்து பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக வருவார்கள். அவர் முன்னால் நடப்பார். அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு வரிசை வரும். அவர் வருவதற்கு முன்பெல்லாம் மூட்ட நாளில் ஒருவராவது தடம் மாறிக் காட்டுக்குள் போய்விடுவதும், மற்றவர்கள் சுமையை இறக்கிவிட்டுக் கூவித் தேடுவதும் வழக்கமாம். அவர் வந்த பிறகு அப்படி ஒரு நாள்கூட இல்லை.

நடக்கும்போது அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் வரிசையில் யார் தோள் மாற்ற வேண்டும், யார் பின்தங்குகிறான் என்பதெல்லாம் காலடியிலேயே தெரிந்துவிடும். பீடி பற்றவைத்தால் உடனே, "டப்பாவைத் தூக்கிட்டுப் பீடி குடிக்காதே" என்று முன்னாலிருந்து குரல் வரும். பொடனியில் கண் இருக்கிறது என்று அவர்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை.

முகாமுக்கு வந்ததும் சுமையை இறக்குகிறவர்களில் யாராவது ஒருவரைப் பிடித்துக்கொள்வார். நான் எப்படித் தெரிஞ்சேன்? அந்த வளைவில் தெரிஞ்சேனா? உனக்கு முன்னால் போனவன் மறைச்சானா? நாள் தவறாமல் இதே கேள்வி. முகாமின் எஞ்சினியர் இதைக் கேட்டுச் சிரிப்பார். கல்யாணப் பெண்கூட இத்தனை தடவை கேட்கமாட்டாள் என்பார்.

பாப்பாயியை இங்கே சொல்லவேண்டும். வாழவந்தி நாட்டுக்காரி. அந்த மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள். நாற்பத்தைந்து வயது, புருஷன் இல்லை, ஒரு மகன். அவன் சின்னான், முகாமில் சுமை தூக்குகிறவன், வரிசையில் மூன்றாவது ஆள். அவள் இரண்டு நாளைக்கொரு முறை சாமையும் மலைவாழையும் கூடையில் கொண்டுவந்து முகாமில் கொடுப்பாள். திரும்பும்போது, மேஸ்திரி விளக்கைக் கழுவிக் கொட்டிய வெள்ளைச் சேற்றை அள்ளிக்கொண்டு போவாள். எரிந்துபோன கார்பைடு சுண்ணாம்பாகத்தான் மிஞ்சும். அதைக் கொண்டு அவள் வீட்டுச் சுவரை வெள்ளையடித்திருந்தாள்.

"ஊடு பளிச்சுனு இருக்குதுங்க மேஸ்திரி. ஆனா பாருங்க, ஒரு மாசமா பூண்டுக் கொழம்பு வச்சாப்பல நாறுது. கொழம்பைக் காணோமேனு வர்றவங்க கேக்கறாங்க."

மேஸ்திரி சிரித்து நான் பார்த்தது அவளிடம் மட்டும்தான்.

அந்த மலைத் தடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறினவரும் இல்லை. எதிரெதிரே இருவர் வந்தால், சுமைக்காரனுக்கு மலைப்பக்கம். வெறுங்கையாக வருகிறவர் பள்ளப்பக்கம் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். சுமையோடு விளிம்பில் நடந்தால் ஆளைச் சுமை இழுத்துவிடும் என்பதால் வந்த வழக்கம். நல்ல வழக்கம். மலையில் பிறந்தவர்களுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமல்ல, கொட்டாவிக்கு வாய் திறப்பது போன்றது.

ஐப்பசியில் ஒரு காலை. ராத்திரி முழுக்க மழை பெய்து விட்டிருந்தது. மேஸ்திரி முன்னதாகவே சோளக்காட்டுக்குத் தனியாகக் கிளம்பிப் போயிருந்தார். பாப்பாயி முகாமில் வாழைத்தார் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு அதே தடத்தில் பின்னால் போனாள். நல்ல மோடம், மூட்டத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பாதி வழியில் மேஸ்திரி விளக்குக்குத் தண்ணீர் ஊற்ற நின்றிருக்கிறார். ஊற்றித் தொப்பியைத் திரும்பப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு, மடியை அவிழ்த்து வெற்றிலை போட்டிருக்கிறார். அந்த நேரம் முழுக்க அவள் நடந்துகொண்டிருந்தாள். அவள் நெருங்க நெருங்க விளக்கு பெருத்தது.

வெறுங்கை. எதிரே விளக்கு. விளக்கோடு இந்தத் தடத்தில் வருவது சுமைக்கார வரிசை. அவள் பள்ளப்பக்கம் ஒதுங்கினாள். நனைந்திருந்த விளிம்பு அவளோடு இறங்கிவிட்டது.

இரண்டு ஆள் ஆழத்தில் உண்ணிச்செடிப் புதர் தாங்கிக்கொண்டது. இல்லாவிட்டால் அதற்குக் கீழே தாங்க எதுவும் இல்லை. சத்தம் கேட்டு மேஸ்திரி திரும்பி ஓடி, இறங்கி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி, வாழவந்தி நாடு வரை தூக்கிக்கொண்டு போனார். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். பிழைத்துக்கொள்வாள், நடப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

முகாமில் எல்லாரும் மழையைத்தான் குற்றம் சொன்னோம். எஞ்சினியர் தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொன்ன கடிதத்தில், மழையால் தடம் சரிந்தது என்று நான்தான் எழுதினேன். மேஸ்திரி மழையைப் பற்றிப் பேசவில்லை. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து பாப்பாயி வீட்டுக்குப் போனார். நாலாம் நாள் என்னையும் அழைத்துப் போனார். பூண்டு வாசம் அடிக்கிற வெள்ளைச் சுவரை ஒட்டிப் பாயில் அவள் கிடந்தாள். வலி குறைந்து அன்றுதான் பேச வாய் வந்திருந்தது.

அவர் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லவில்லை.

"அம்மா, அன்னிக்கு நான் எப்படித் தெரிஞ்சேன்?"

மூலையில் இருந்த சின்னானுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த நேரத்திலுமா இந்தக் கேள்வி என்று எழுந்துவிட்டான். அவள் அவனைக் கையமர்த்தினாள்.

"வர்றாப்பலத் தெரிஞ்சீங்க. நீங்க எனக்கு எதுக்க வர்றீங்கன்னு ஒதுங்குனேனுங்க. பொடனியில வெளக்குனு எனக்குத் தெரியாதா? பத்துத் தடவை பாத்துச் சிரிச்சிருக்கறேன். ஆனா அந்த மோடத்துல வெளிச்சத்தப் பாத்ததும் காலு தானா ஒதுங்கிருச்சு."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டரே, மொத நாள் உங்களுக்கு நான் எப்படித் தெரிஞ்சேன்?"

இப்போது சொன்னேன். ஒதுங்கி நின்றதையும் காத்திருந்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தூரம் கேட்டேன், உசரம் கேட்டேன். இதைக் கேக்கத் தோணலை எனக்கு" என்றார்.

திரும்பி வரும் வழியில், நான் கேட்காமலே, தங்கச் சுரங்கத்தைப் பற்றி முதலும் கடைசியுமாக ஒரு பேச்சுப் பேசினார். "முன்னால போறவனுக்கு வெளிச்சம் முன்னால விழும். பின்னால வர்றவனுக்கு அவன் முதுகு இருட்டு. அந்த இருட்டுல கால் வச்ச ஒருத்தனை எனக்குத் தெரியும்."

விளக்கை என்ன செய்வது என்று முகாமில் பேச்சு எழுந்தது. ரயிலின் கடைசிப் பெட்டிபோல் சிவப்புக் கண்ணாடி வைக்கலாம் என்றார் எஞ்சினியர். நாமக்கல்லில் ஒரு போட்டோக் கடையிலிருந்து நானே சிவப்புக் கண்ணாடித் துண்டு வாங்கி வந்தேன். வைத்துப் பார்த்தோம். மூட்டத்தில் ஆறடிக்கு மேல் வெளிச்சம் எட்டவில்லை, வரிசையின் இரண்டாவது ஆளுக்கே தெரியவில்லை. விளக்கை முன்னால் வைத்தால் அவருக்கும் கண் தெரியாது, வரிசைக்கும் தெரியாது. விளக்கே வேண்டாம் என்றால் பழையபடி ஆள் தடம் மாறும். அடுத்த முறை உண்ணிச்செடி இருக்கும் என்று சொல்ல முடியாது. தொப்பியைத் தன் குடிசையில் மாட்டிவிட்டு அவர் பத்து நாள் வெறுந்தலையாக நடந்தார். அந்தப் பத்து நாளில் இரண்டு முறை வரிசை அறுந்தது. இரண்டாம் முறை காணாமல் போய் மத்தியானத்துக்குமேல் கிடைத்தவன் சின்னான்.

அதன் பிறகுதான் ஊர்க்கவுண்டர் பாப்பாயி வீட்டு வாசலில் ஆட்களைக் கூட்டினார். படுத்திருக்கிறவள் பேச்சும் காதில் விழவேண்டும் என்பதற்காக அங்கே. கவுண்டர் நிதானமான மனிதர். வெளியூர்ப் பொருள் ஒன்று வந்து நம் தடத்து வழக்கத்தைக் கெடுத்துவிட்டது, விளக்கை மலையிலிருந்து இறக்கிவிடுவதே சரி என்று அவர் சொன்னார். பலருக்கும் அதுதான் எண்ணம். நீங்கள் சொன்னால் இன்றைக்கே உடைத்துப் போடுகிறேன் என்றார் மேஸ்திரி.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒடச்சுப் போட்டா எம் மவனை யாருங்க கூட்டியாருவாங்க?"

பாப்பாயி கதவுப் பக்கம் பாயை இழுக்கச் சொல்லித் தலையைத் தூக்கிக்கொண்டாள்.

"வெளக்கும் இருக்கட்டும், வழக்கமும் இருக்கட்டுங்க. ஒண்ணே ஒண்ணு மாத்துங்க. மோடத்துல வெளிச்சத்தக் கண்டா, வருதோ போவுதோ, சொமையோ வெறுங்கையோ, மலைப்பக்கமா ஒண்டி நின்னுருங்க. வெளக்கு வச்சிருக்கறவரு பள்ளப்பக்கமாப் போவட்டும். போற வெளக்குக்கு நாம நின்னா என்னங்க, நேரந்தான் போவும். ஆளு போவாது."

"ரெண்டு வெளக்கு எதுக்கெதுக்க வந்தா?" என்று கவுண்டர் கேட்டார்.

"மொதல்ல மலைக்கு ரெண்டாவது வெளக்கு வரட்டுங்க."

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். ஏனென்றால் அவள் கேட்டது என்ன என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சுமையோடு வந்தாலும் விளிம்பில் நடக்கவேண்டியவர் இனி அவர்தான்.

"அது நாயம்" என்றார் அவர்.

எஞ்சினியருக்கு இது பிடிக்கவில்லை. மேஸ்திரி விழுந்தால் வேலை நின்றுபோகும் என்றார். அப்படி நடக்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள் என்றார் மேஸ்திரி. விளிம்பில் நடக்காவிட்டால் ஊர் விளக்கை விடாது. கொடுத்தால் விளக்கையும் எழுத்தில் நிறுத்த வேண்டி வரும், எஞ்சினியர் கொடுக்கவில்லை.

மறுநாள் முதல் அவர் கையில் ஒரு கம்பி. விளிம்பில் கம்பியால் குத்துவார், அடி வைப்பார். நாங்கள் மலையை உரசிக்கொண்டு நடப்போம். எங்களுக்கு முன்னால், அரையடி மண்ணின்மேல், அந்த வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும். சரியும்போல் இருக்கிற இடங்களை அவர் கம்பி கண்டுபிடித்துக்கொண்டே போனதில் ஒரு வருஷத்துக்குள் தடத்தின் பாதி விளிம்புக்குக் கல் வைத்துக் கட்டியாயிற்று. சுமைக்காரர்கள் ஓய்வு நேரத்தில் தாங்களாகவே வைத்தார்கள். சூந்து என்கிற பந்தம் கொளுத்திக்கொண்டு வருகிறவர்களும் அரிக்கேன் பிடித்து வருகிறவர்களும்கூடப் பள்ளப்பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். அரியூர் நாடு வரை அந்த வழக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆரம்பித்தது யார் என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

பாப்பாயி ஐந்து மாதத்தில் எழுந்தாள். வலது கால் கொஞ்சம் குட்டை, கையில் ஒரு கோல். மோட நாளில் தடத்தில் இறங்கமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தாள். முதல் மோடத்திலேயே சபதத்தை விட்டுவிட்டு வாழைப்பழத்தோடு முகாமுக்கு வந்து நின்றாள். மேஸ்திரி அவளிடம் கேட்டது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

கல்லில் கம்பெனி எதிர்பார்த்த இரும்பு இல்லை. இரண்டாம் வருஷ மார்கழியில் முகாமைக் கலைத்தார்கள். கணக்கை ஒப்படைக்க நான் இன்னும் ஒரு வாரம் இருக்கவேண்டியிருந்தது. அவர் முதலில் கிளம்பினார். சோளக்காட்டுக்குக் கீழே முதல் வளைவு வரை நானும் பாப்பாயியும் போனோம். நல்ல மூட்டம். அவர் தன் சாமான் கூடையை இறக்கி வைத்து, விளக்குக்குத் தண்ணீர் ஊற்றி, பற்றவைத்து, தொப்பியை முன்பின்னாகப் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்குத்தான் உங்க பொறத்தால ஆரும் வரலீங்களே" என்றாள் பாப்பாயி.

"வரலைன்னு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

அவள் கொடுத்த பழச்சீப்பைக் கூடையில் வைத்துக்கொண்டு, கம்பியால் விளிம்பைக் குத்திக்கொண்டு இறங்கினார். பத்தடியில் ஆள் மறைந்து வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. இன்னும் பத்தடி போயிருக்கும், திரும்பாமலே அவர் கேட்டது காதில் விழுந்தது.

"ரைட்டரே, எப்படித் தெரியறேன்?"

"வர்ற மாதிரி தெரியறீங்க மேஸ்திரி."

வெளிச்சம் நிற்கவில்லை. பக்கத்தில் கோல் கல்லில் ஊன்றுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். பாப்பாயி மலைப்பக்கமாக ஒண்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழிவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.